தாம்சனும் ஒற்றர் ஏடுகளும்

அரசர் வரலாறு எழுதப் புகுவார்க்குச் சான்றுகள் மிகப் பல. மறைவிற் கூடி, எழுத்தில் ஏதும் வையாத நெசவாளரின் வரலாற்றை எங்ஙனம் எழுதுவது? இங்கிலாந்து வரலாற்றறிஞர் ஈ. பி. தாம்சனின் (1924–1993) பணியை இவ்வினாவின்வழி நோக்குதல் தகுமெனக் கருதுகின்றோம்.

ஆக்ஸ்ஃபோர்டிற் பிறந்த இவர், இரண்டாம் உலகப் போரில் இத்தாலியிற் பணிபுரிந்தவர். 1948இல் லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் புறக்கல்வித் துறையில் அமர்ந்தார். யார்க்‌ஷயர் ஊர்களில் மாலை வகுப்புக்கு வந்த முதியோரே இவர்தம் மாணாக்கர். 1956இல் பொதுவுடைமைக் கட்சியினின்று நீங்கினார். 1963இல் வெளிவந்தது ‘ஆங்கிலத் தொழிலாளர் வகுப்பின் உருவாக்கம்’ என்னும் பெருநூல். வகுப்பு என்பது ஆலை ஈன்ற பொருளன்று, மாந்தர் தம் பட்டறிவால் தாமும் ஆக்கிக்கொண்டது என்பது அதன் கோள்.

இக்கோளை நிறுவுதல் எளிதன்று. 1799இல் இலண்டன் தொடர்புக் கழகம் சட்டத்தால் ஒடுக்கப்பட்டது. 1799, 1800 ஆம் ஆண்டுச் சட்டங்கள் தொழிலாளர் சங்கங்களையும் தடுத்தன. 1811 முதல் எந்திரங்களை உடைத்த லட்டைட்டுகளோ சூளுரைத்து வாய் மூடினர். அவர்களைப் பற்றி எஞ்சியவற்றுட் பெரும்பகுதி, உள்துறைக்குச் சென்ற ஒற்றர் ஏடுகளும் நடுவர் கடிதங்களுமே. கூலிக்கு எழுதுவோன் சதியைப் பெருக்கிக் காட்டுவான் எனக் கொண்டு முன்னையோர் அவற்றைப் பெரிதும் ஒதுக்கினர். தாம்சன் ஒதுக்கவில்லை, ஓர் ஏட்டைப் பிறிதோர் ஏட்டோடும் செய்தித்தாளோடும் வழக்குப் பதிவோடும் ஒப்பிட்டுத் தெளிந்தார். ஒற்றன் சொல்லை மற்றோர் ஒற்றனால் ஆராய்க என வள்ளுவர் அரசனுக்குரைத்த நெறி ஈண்டு நினைவிற்கு வருகின்றது. இவர் அதனை ஆளப்பட்டோர் பொருட்டுக் கையாண்டார்.

எந்திரம் உடைத்தோரை அரசியல் மறைவியக்கத்தோடு இவர் பிணைத்தது மிகையென 1970இல் மால்கம் தாமிஸ் மறுத்தெழுதினார். நாட்டிங்கம் பகுதிக்கு அம்மறுப்பு வலிது. யார்க்‌ஷயருக்கு அத்துணை வலிதன்று என்பது எம் துணிபு. அங்குக் கம்பளித்துணி கத்தரிப்போரிடை அரசியற் பேச்சும் சூளுறவும் ஒருங்கே வழங்கின.

1965இல் இவர் வார்விக் பல்கலைக்கழகத்திற் சமூக வரலாற்று மையத்தின் தலைமையேற்றார். 1970 பெப்ரவரியில் ஆங்குப் பதிவாளர் அலுவலகத்துட் புகுந்திருந்த மாணவர் சில கோப்புகளைக் கண்டெடுத்தனர். அமெரிக்காவினின்று வந்திருந்த வரலாற்றறிஞர் டேவிட் மாண்ட்கொமரி தொழிற்கட்சிக் கூட்டமொன்றிற் பேசியதை ஆள்விட்டுக் கேட்டெழுதுவித்த குறிப்பும் அவற்றுள் இருந்தது. தாம்சன் அச்செய்திகளைத் தொகுத்து அவ்வாண்டே நூலாக வெளியிட்டார்; 1971இல் பதவி துறந்தார். அதன்பின் நிலையான பல்கலைக்கழகப் பதவி எதனையும் அவர் ஏற்கவில்லை.