பிளாக் கரண்ட்டுக்கு விழுந்த தடா

முதல்லயே சொல்லிடறேன், இது மின்வெட்டு பற்றிய கட்டுரை இல்லை :-) ஐஸ்கிரீம் கடையில கத்திரிப்பூ கலர்ல 'பிளாக் கரண்ட்'னு ஒண்ணு கொடுப்பாங்களே, அந்தப் பழத்தோட கதை.

பேரே ஒரு குழப்பம். கேக்குல போடுற பொடி உலர்திராட்சைக்குத்தான் முதல்ல கரண்ட்னு பேர். கிரேக்கத்துக் கொரிந்து நகரத்துப் பேர் மருவி வந்தது. வட ஐரோப்பாவுல புதர்ல கொத்துக் கொத்தா காய்க்கிற இந்தப் பழமும் அதே சைஸ்ல இருக்கவே, இதுக்கும் அந்தப் பேரை ஒட்டவெச்சுட்டாங்க. ரெண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. இது ரைபீஸ் என்ற பேரினம். கூஸ்பெரியும் இதே இனம்தான். (நம்ம நெல்லிக்காயை 'இந்தியன் கூஸ்பெரி'னு சொல்றதும் வெள்ளைக்காரன் பார்த்த வேலைதான்.)

இந்த ரைபீஸ் வரலாற்றுல எனக்குப் பிடிச்சது, விஞ்ஞானிகளுக்கு ரொம்ப முன்னாடியே வீட்டுத் தோட்டக்காரங்க புது ரகம் உண்டாக்க ஆரம்பிச்சதுதான். இங்கிலாந்து லங்காஷயர் பக்கம் கைத்தறி நெசவாளிகள், தறி ஓட்டின நேரம் போக கொல்லைப்புறத்துல கூஸ்பெரி விதை போட்டு, பெரிய காய் காய்க்கிற செடியை மட்டும் வெச்சுக்கிட்டு மத்ததைப் பிடுங்கிப் போட்டாங்க. யாரோட பழம் கனம்னு வருஷா வருஷம் போட்டி வேற. யார்க்‌ஷயர்ல எக்டன் பிரிட்ஜ் கிராமத்துல 1800-ல ஆரம்பிச்ச போட்டி இன்னிக்கும் நடக்குது. 'லண்டன்'னு ஒரு ரகம் 1852-ல சுமார் 58 கிராம் எடைக்குப் பழுத்ததாம். காட்டுப் பழத்தைப் போல ஏழெட்டு மடங்கு! டார்வினே 1868-ல வந்த தன்னோட புத்தகத்துல இதைக் குறிச்சு வெச்சிருக்கார்.

அடுத்தது வில்லியம் கல்வர்வெல். இவர் யார்க்‌ஷயர் தோப் பெரோவில் தோட்டக்காரர். 1880கள்ல கூஸ்பெரியையும் பிளாக் கரண்ட்டையும் கலந்து பார்த்தார். முள் இல்லாத செடி வந்தது, ஆனா மலடு. ரெண்டு பெற்றோருக்கும் 16 குரோமோசோம்தான், ஆனா கலப்புல அதுங்க ஜோடி சேர மாட்டேங்குது. இந்த முடிச்சு அவிழ அரை நூற்றாண்டுக்கு மேல ஆச்சு. ஜெர்மனியில ருடால்ஃப் பவர் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கி, மலட்டுச் செடியைக் காய்க்க வெச்சார். 1977-ல வெளிவந்த அந்தப் பழத்துக்கு 'யோஸ்டா'னு பேர். ஜெர்மன்ல கரண்ட்டுக்கும் கூஸ்பெரிக்கும் இருக்கிற பேரோட முதல் துண்டுகளை ஒட்டினது. அப்பா பேர்ல பாதி, அம்மா பேர்ல பாதின்னு நம்மூர்ல கடைக்குப் பேர் வைக்கிற மாதிரி!

சரி, அமெரிக்காவுல ஏன் இந்தப் பழத்தைப் பார்க்கவே முடியறதில்லை? ஆன்சைட் போனப்ப எனக்கு வந்த சந்தேகம் இது. கூட வேலை பார்த்த போலந்துக்காரர் வீட்டு ஜாமை டப்பாவுல கொண்டு வருவார். அங்கே பிறந்து வளர்ந்தவங்க பலர் அதை ருசி பார்த்ததே இல்லை.

காரணம் ஒரு பூஞ்சை. வெள்ளைப் பைன் மரத்தைக் கொல்ற கொப்புளத் துரு நோய். கப்பல் பாய்மரத்துல இருந்து வீட்டுச் சுவர் வரைக்கும் அமெரிக்காவோட பிழைப்பே வெள்ளைப் பைன்லதான் ஓடிச்சு. இந்தத் துருவுக்குக் குடியிருக்க ரெண்டு வீடு வேணும்: ஒண்ணு பைன், இன்னொண்ணு ரைபீஸ். பைன்ல இருந்து நேரா இன்னொரு பைனுக்குத் தாவாது, நடுவுல கரண்ட் செடி வேணும். பைன்ல இருந்து கிளம்புற வித்துக்கள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பறக்கும். ஆனா கரண்ட்ல இருந்து பைனுக்குப் போறது நோஞ்சான், பெரும்பாலும் சில நூறு மீட்டர்தான்.

கொடுமை என்னன்னா, நோய் அமெரிக்காவுக்கு வந்தது கரண்ட் மூலமா இல்லை. அமெரிக்க வெள்ளைப் பைனை ஐரோப்பாவுக்குக் கொண்டு போய், அங்கே நாற்றுப் பண்ணையில மலிவா வளர்த்ததை 1900 வாக்குல திரும்ப இறக்குமதி செஞ்சாங்க. நாற்றோட துருவும் கப்பலேறி வந்துடுச்சு. தண்டனை மட்டும் கரண்ட்டுக்கு! 1910கள்ல தடை வந்தது. 1930கள்ல வேலையில்லாத இளைஞர்களைக் காடு காடா அனுப்பி, காட்டு ரைபீஸையும் சேர்த்துப் பிடுங்க வெச்சாங்க. வீட்டுத் தோட்டங்களும் தப்பலை. பாட்டி காலத்துப் புதரோட அதை எப்படிக் காய்ச்சணும்ங்கிற கைப்பக்குவமும் போச்சு. அதே சமயத்துல இங்கிலாந்து நேர் எதிர். இரண்டாம் உலகப்போர்ல ஆரஞ்சு வராம போகவே, வைட்டமின் சி-க்காக பிளாக் கரண்ட் சிரப்பைக் குழந்தைகளுக்கு இலவசமா கொடுத்தாங்க.

கனடாவுல ஒட்டாவாவில் ஹன்டர் என்பவர் ஒரு ஆசிய காட்டு ரைபீஸை 'கெர்ரி' ரகத்தோட கலந்து, துருவே பிடிக்காத 'குருசேடர்', 'கோரோனெட்', 'கன்சார்ட்' ரகங்களைக் கொண்டு வந்தார். ருசி சுமார்தான், ஆனா நோய்க்கு மசியலை. ஸ்வீடனோட 'டைட்டானியா'வும் கன்சார்ட்டோட பேரப்பிள்ளை. அமெரிக்க மத்திய அரசு 1966-ல தடையை எடுத்துட்டு, முடிவை மாநிலங்கள் கையில விட்டுது. நியூயார்க்ல கிரெக் குயின் என்ற விவசாயி விடாம மல்லுக்கட்டி 2003-ல சட்டத்தை மாத்த வெச்சார். வீட்டுத் தோட்டக்காரங்க சந்தோஷமா நட ஆரம்பிச்சாங்க.

அங்கேதான் ஆப்பு. எதிர்ப்புச் சக்தி முழுக்க ஒரே ஒரு மரபணுவில் தொங்கிக்கிட்டிருந்தது. எல்லாக் கணக்குக்கும் ஒரே பாஸ்வேர்டு வெச்ச மாதிரி. 2011 வாக்குல கனெக்டிகட்டில், நோயே வராதுன்னு வித்த ரகத்து இலைகள்ல ஆரஞ்சு நிறத் துரு தெரிஞ்சது. பூஞ்சை பூட்டை உடைச்சுடுச்சு. பக்கத்து மாநிலங்கள் திரும்பவும் கட்டுப்பாட்டை இறுக்கின. இன்னிக்கும் அங்கே செடி வாங்குறதுக்கு முன்னாடி மாநிலச் சட்டத்தைப் பார்த்தாகணும்.

இதுக்கு நடுவுலயும் வீட்டுல புது ரகம் தேடுறவங்க ஓயலை. கூஸ்பெரி நெசவாளிகள் கையில இருந்ததைவிட இவங்ககிட்ட பெரிய கருவி ஒண்ணும் இல்லை, ஒரு இடுக்கி கூடுதல். பூ விரியுறதுக்கு முன்னாடி மகரந்தப் பையைக் கிள்ளி எடுத்துட்டு, வேற ரகத்து மகரந்தத்தைத் தடவணும். விதையை ஈர மணல்ல கலந்து மாசக்கணக்குல குளிர்ல வைக்கணும். முளைச்சுக் காய்க்க மூணு வருஷம் போல ஆகும், பெரும்பாலானது குப்பைக்குத்தான் போகும். தேறின ஒரு செடியைப் போத்து வெட்டி நட்டா போதும், அச்சு அசலா அதுவே வளரும். (சென்னையில முயற்சி பண்ணாதீங்க. குளிர்காலத்துல 7 டிகிரி வாக்குல, 800 மணி நேரத்துக்கு மேல குளிர் வேணும்!)

ஃபின்லாந்துல 'வெர்ட்டி'ன்னு ஒரு பிளாக் கரண்ட் இருக்கு. பழுத்தாலும் பச்சையாவே இருக்கும். இன்னும் காய்தான்னு நினைச்சுப் பறவைகள் தொடாம போயிடுமாம்.