உராய்வு வளையத்திலிருந்து இரட்டைப் பிஸ்டன் வரை: அரைத் தானியங்கி ஷாட்கன்னின் ஒரு நூற்றாண்டு

போர்க்கள ஷாட்கன்னை மதிப்பிடுவோர் எடை, குழலின் நீளம், கொள்ளும் தோட்டாக்களின் எண்ணிக்கை ஆகியவற்றிலிருந்தே தொடங்குகிறார்கள். வரலாற்றைப் பின்தொடர்ந்தால் இவை இரண்டாம்பட்சமே எனத் தெரிகிறது. பறவை சுடும் பொடிரவை, மானைச் சாய்க்கும் பெருங்குண்டு, கூட்டத்தைக் கலைக்கும் ரவைப் பை எல்லாமே ஒரே 12 போர் குழலில்தான் நுழைகின்றன. ஒவ்வொன்றின் உதைப்பும் வேறு. சுட்ட தோட்டாவின் விசையைக் கொண்டே அடுத்ததை நிரப்பிக்கொள்ளும் துப்பாக்கி இந்த வேற்றுமையைத் தாங்குமா? வடிவமைப்பாளர்கள் ஒரு நூற்றாண்டாக மல்லுக்கட்டியது இந்தக் கேள்வியோடுதான்.

முதல் விடை ஜான் மோசஸ் பிரவுனிங் தந்தது. 1900இல் காப்புரிமை பெற்ற அவருடைய வடிவத்துக்கு விற்பனைக்கேற்ற உரிமைத்தொகை தர வின்செஸ்டர் மறுத்தது. ரெமிங்டன் தலைவர் மார்செல்லஸ் ஹார்ட்லியைக் காணச் சென்று காத்திருந்தபோது, அவர் இறந்த செய்திதான் வந்தது. அது 1902 ஜனவரி. பிரவுனிங் பெல்ஜியத்துக்குக் கப்பலேறினார். எஃப்என் ஆலையில் ஆட்டோ-5 பிறந்தது.

அதில் குழலும் பூட்டும் ஒன்றாகப் பின்னோக்கி ஓடும். குழல் முதலில் திரும்ப, காலித் தோட்டா தெறிக்கும். பின்னால் வரும் பூட்டு புதியதைத் தள்ளிக்கொண்டு மூடும். குழலின் ஓட்டத்தை அடக்க ஓர் உராய்வு வளையம் உண்டு. வலுவான தோட்டாவுக்கு ஒருவிதமாகவும் மெலிந்ததற்கு வேறுவிதமாகவும் அதை மாற்றிப் பொருத்த வேண்டும். தவறினால் ஒன்று முன்கட்டை பிளக்கும், அல்லது தோட்டா சிக்கும். வேட்டைக்காரர் வீட்டிலேயே நிதானமாக மாற்றிக்கொள்ளலாம். பதுங்குகுழியில் இருப்பவருக்கு அந்த அவகாசம் ஏது?

முதல் உலகப்போரில் அமெரிக்கப் படை வின்செஸ்டர் 1897 என்ற பம்ப் துப்பாக்கியையே பெரிதும் நாடியதற்கு இதையும் ஒரு காரணமாகக் கொள்ளலாம் என்பது என் கருத்து. பம்ப்பில் முன்கட்டையை இழுப்பது வீரரின் கை. தோட்டாவின் வலு பொருட்டல்ல. அந்தத் துப்பாக்கியை எதிர்த்து ஜெர்மனி 1918 செப்டம்பரில் முறைப்படி கண்டனம் தெரிவித்தது; அமெரிக்கா அதை ஏற்கவில்லை. பின்னாளில் மலாயாவின் காடுகளில், 1948 முதல் 1960 வரை நீண்ட அவசரநிலையில், பிரிட்டிஷ் படையினர் ஆட்டோ-5ஐ ஏந்தினர். சில அடி தூரத்தில் திடீரென எதிரி தென்படும் அடர்ந்த புதரில் வேகமே உயிரைக் காத்தது.

1979இல் இத்தாலியின் ஃபிராங்கி நிறுவனம் வெளியிட்ட ஸ்பாஸ்-12 ஒரு நேர்மையான சமரசம். வலுவான தோட்டாவுக்கு வெடிவாயுவால் இயங்கும் தானியங்கி, மெலிந்ததற்குப் பம்ப் என இரண்டையும் ஒரே உடலில் வைத்தது. அதற்கு விலையாக நாலு கிலோவுக்கு மேல் சுமக்க வேண்டியிருந்தது. அதே நாட்டின் உர்பினோவில் பெனெல்லி நிறுவனம் வாயுவையே விட்டு, பூட்டின் நிலைமத்தையும் ஒரு ஸ்பிரிங்கையும் நம்பியது. அழுக்கு குறைவு, எளிமை அதிகம். ஆனால் விளக்கு முதலிய கருவிகளை மாட்டித் துப்பாக்கி கனத்தால் அதன் பின்னுதைப்பு மந்தமாகும், மெலிந்த தோட்டா தடுமாறும்.

1998 மே மாதம் அமெரிக்க ராணுவத்தின் பிக்காடினி ஆயுதச்சாலை புதிய அரைத் தானியங்கி ஷாட்கன்னுக்கு அழைப்பு விடுத்தபோது, பெனெல்லி தன் பழைய வழியை விட்டு வாயுவுக்கு மாறியது. மருந்தறைக்கு அருகே இரண்டு குறும்பிஸ்டன்கள். வாயு மிகுந்தால் தானே வெளியேற்றிக்கொள்ளும் அமைப்பு. பிரவுனிங்கின் வளையத்தைக் கையால் மாற்றிய வேலையை இங்கே இயந்திரமே செய்தது. மரைன் படை 1999இல் எம்1014 என்ற பெயரில் அதை ஏற்றது.

ஆனாலும் அந்தத் தானியக்கம் முழுவிசைத் தோட்டாவுக்கே உரியது. கூட்டத்தைக் கலைக்கும் ரவைப் பையைச் சுடும் வீரர் இன்றும் ஒவ்வொரு முறையும் பூட்டைத் தன் கையால் இழுத்துத்தான் அடுத்ததை ஏற்றுகிறார்.