வாய்ப்பாடு பார்த்துக் கூட்டிய இயந்திரம்

பத்துப் பைசா நாணயம் பத்து சேர்ந்தால் ஒரு ரூபாய் என்பதில் எந்த வங்கிக் குமாஸ்தாவுக்கும் சந்தேகம் இல்லை. கம்ப்யூட்டருக்கு உண்டு. 0.1 என்ற எண்ணைப் பத்துத் தடவை கூட்டும்படி ஃபோர்ட்ரானில் நாலு வரி எழுதி, இன்றைய இயந்திரத்தில் இரட்டைத் துல்லியத்தில் ஓட்டினால் ஒன்று வருவதில்லை, 0.9999999999999999 வருகிறது. அதே கணக்கை ஐ.பி.எம். 1620-இன் ஃபோர்ட்ரான் கம்பைலரிடம் கொடுத்தால் ஒன்று வருகிறது. பிசகில்லாத ஒன்று.

வழக்கொழிந்த இயந்திரங்களில் பழைய கம்பைலர்களை ஓட்டிப் பார்ப்பதைப் பழமை மோகம் என்று ஒதுக்கிவிடுவது சுலபம். நானும் அப்படித்தான் ஒதுக்கியிருந்தேன். பாப் சப்னிக் என்ற அமெரிக்கர் தொண்ணூறுகளில் தொடங்கிய 'சிம்எச்' என்ற புரோகிராம், நம் மேஜைக் கம்ப்யூட்டரைப் பழைய இயந்திரங்களாக வேஷம் கட்டி ஆடவைக்கிறது. மணலி புதுநகரில் ஒரு ராத்திரி அதில் 1620-ஐ உயிர்ப்பித்துப் பார்த்தபின் என் அபிப்பிராயம் மாறியது.

1959-இல் ஐ.பி.எம். அறிவித்த இயந்திரம் 1620. அடிப்படை நினைவு 20,000 இலக்கங்கள். நம்மைப்போலப் பத்தின் அடிப்படையில் எண்ணும். விசித்திரம் என்னவென்றால், இதன் முதல் மாடலுக்குக் கூட்டத் தெரியாது. கூட்டல் வாய்ப்பாடும் பெருக்கல் வாய்ப்பாடும் அதன் நினைவிலேயே குறிப்பிட்ட முகவரிகளில் எழுதி வைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு இலக்கத்துக்கும் அங்கே போய்ப் பார்த்துக்கொண்டு வரும். திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பையன் எண்சுவடியை மனப்பாடம் செய்தான். இது சுவடியை மடியிலேயே வைத்துக்கொண்டது. புரோகிராம் தவறிப்போய் அந்த இடத்தில் எதையாவது எழுதிவிட்டால், அதற்குப்பின் இரண்டும் இரண்டும் எதுவாகவும் இருக்கலாம்.

ஃபோர்ட்ரான் II கம்பைலரே ஓர் அட்டைக் கட்டு. முதலில் அதை ஊட்டவேண்டும். பிறகு நம் புரோகிராம் அட்டைகள். இயந்திரம் ஓர் இடைநிலைக் கட்டைத் துளைத்துத் தள்ளும். அதை எடுத்து மறுபடி ஊட்டினால் இரண்டாம் சுற்றில் இயந்திர பாஷையிலான கட்டு வரும். விடை அதற்கும் அப்பால். சிம்எச்சில் இதெல்லாம் கண்ணிமைக்கும் நேரம். காத்திருப்பு போய்விட்டது, கணக்கு மட்டும் அப்படியே இருக்கிறது.

தசமம் பரிசுத்தமானது என்றும் சொல்லிவிட முடியாது. மூன்றில் ஒரு பங்கை மூன்று தடவை கூட்டச் சொன்னேன். எட்டு இலக்கத் துல்லியத்தில் 1620 சொன்னது 0.99999999. இன்றைய இயந்திரம் அதற்கு மட்டும் ஒழுங்காக ஒன்று என்கிறது. எழுத்து ஒன்று, வாசகர்கள் இரண்டு பேர், பிழைகளும் இரண்டு. ஒரே பாஷையில் எழுதி எல்லா இயந்திரத்துக்கும் கொடுக்கலாம் என்பதுதான் கம்பைலர் தந்த நம்பிக்கை. வரிகள் இடம் மாறிப் போயின. அர்த்தம் அப்படியே கூடப் போகவில்லை.

நம் நாட்டில் இதற்கொரு சரித்திரம் உண்டு. 1963 ஆகஸ்டில் கான்பூர் ஐ.ஐ.டி.க்கு ஒரு 1620 வந்தது. ஈரோட்டில் பிறந்த வி. ராஜாராமன் அங்கேதான் ஃபோர்ட்ரான் கற்பித்தார்; 1969-இல் வந்த அவருடைய புத்தகத்தில் ஒரு தலைமுறையே புரோகிராம் எழுதப் பழகியது. அறுபதுகளில் கிண்டியிலும் ஒரு 1620 இருந்தது. 1973-இல் சென்னை ஐ.ஐ.டி.க்கு வந்த ஐ.பி.எம். 370/155 பின்னக் கணக்கைப் பதினாறின் அடிப்படையில் போட்டது. ஆக, ஒரே ஃபோர்ட்ரான் வரிக்குச் சென்னையிலேயே, சில மைல் தூரத்தில், இரண்டு பொருள். வங்கிகள் கோபாலை இன்னும் கைவிடாததன் காரணங்களில் ஒன்று இங்கே இருக்கிறது: அது பைசாவைத் தசமமாகவே வைத்துக்கொள்ளும்.

1978-இல் ஐ.பி.எம். இந்தியாவை விட்டுப் போயிற்று. இன்று 1620-ஐ வாசிக்க முடிகிறதென்றால், அமெரிக்காவில் சிலர் அட்டைக் கட்டுகளையும் கையேடுகளையும் படியெடுத்து வைத்ததால்தான். உலகில் சுமார் இரண்டாயிரம் 1620-கள் இருந்தன. ஒன்று தொலைந்தால் இன்னொன்று. பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தில் 1960-இல் இயங்கத் தொடங்கிய டிஃப்ராக் ஒன்றே ஒன்று. அதன் பாஷை வேறெந்த இயந்திரத்துக்கும் தெரியாது. அதை நிறுத்தியபோது ஒரு பாஷையின் கடைசி வாசகன் போய்விட்டான்.

ஓலை அழியும் என்பது நமக்குத் தெரிந்த விஷயம். ஏட்டைப் பூட்டி வைத்தவனைவிடப் படியெடுத்தவன்தான் நூலைக் காப்பாற்றினான். இதையே ஃபோர்ட்ரானுக்குச் செய்ய நமக்குத் தோன்றவில்லை. புரோகிராம் வரிகளைப் பின்னிணைப்பாகச் சேர்த்த அந்தக் கால ஆய்வேடுகள் நம் நூலகங்களில் இருக்கின்றன. வரிகளை யாரும் இன்று வாசித்துவிடலாம். அந்த வரிகளிலிருந்து வந்த எண்கள் ஏன் அப்படி வந்தன என்று தெரிய, எந்த இயந்திரம், எந்தக் கம்பைலர் என்று தெரியவேண்டும். அதை ஓட்டியும் பார்க்கவேண்டும். சுவடிகளை ஒப்பிட்டுப் பாடம் தேர்கிறவனின் வேலைதான் இது. செய்ய ஆள் இல்லை என்பதால் அது பொழுதுபோக்கு ஆகிவிடாது.