கீலும் ஆப்பும்

மகாராஷ்டிரத்து ஔந்த்தில் எங்கள் வீட்டுக் கதவைப் பார்க்க வந்த மராத்தித் தச்சர், ‘பிஜாகரி’, அதாவது கீல், தேய்ந்துவிட்டது என்றார். உடனிருந்த தமிழன்பர், “நம் கீலும் இவர்கள் ‘கீளு’ம் ஒன்றுதான், இரண்டும் வடமொழிக் கீலம்” என்று தீர்ப்பெழுதிவிட்டார். சும்மா இருக்க முடியவில்லை.

பிஜாகரி போர்த்துக்கீசிய ‘பிசாக்ரா’, கப்பலேறி வந்த சொல், அதில் வழக்கில்லை. கீலமோ முளை, ஆப்பு. பஞ்சதந்திரக் குரங்கு அசைத்துப் பிடுங்கியது அதைத்தான். கீல் என்பது மூட்டு. கீல்வாயு என்ன, ஆப்புக்கு வரும் நோயா? தெலுங்குக் கீலும் மூட்டே: 1949இல் வந்த ‘கீலுகுர்ரம்’ படம் பொறிக்குதிரையின் கதை, ஆப்படித்த குதிரையின் கதையன்று.

‘கீழ்’ என்பதே கீலாயிற்று என்போரும் உண்டு. கதவுக்கு மேற்கீல் இருப்பதை அவர்கள் பார்த்ததில்லை போலும்.

நெடுநல்வாடை அரண்மனைக் கதவை இரும்பால் பிணிக்கிறது, செவ்வரக்குப் பூசுகிறது, தாழிடுகிறது. கீலைச் சொல்லவில்லையே என்பார்கள். பழைய கதவு குடுமியில் சுழன்றது. பொருளில்லாத இடத்தில் சொல்லைத் தேடலாமா?

முளையான ஆணியில்லாமல் கீலுண்டா என்றார் அந்த அன்பர். உண்டு. மழைக்குட்டை நீரைக் கண்ணாடிக் குவளையில் மொண்டு வெயிலில் பிடியுங்கள். எள்ளினும் சிறிதாய் ஆஸ்ட்ரகோடுகள் என்னும் ஈரோட்டுச் சிற்றுயிர்கள் ஓடக்கூடும். பெயர் கிரேக்கம், கிரேக்கத்திலும் தமிழிலும் ஓட்டைக் குறிக்கும் சொல் சிப்பிக்கும் பானைச் சில்லுக்கும் பொது. அதற்காக உறவு கொண்டாட வேண்டாம்.

இரண்டு ஓடுகளும் முதுகில் கூடும் இடமே கீல். தசை இழுத்தால் மூடும். குட்டையில் வாழும் சைப்ரிஸ் இனத்துக்கு ஒரு விளிம்பில் வரம்பு, எதிர் விளிம்பில் பள்ளம், பல்லே கிடையாது. தக்காண எரிமலைப் பாறைகளிடையே படிந்த ஏரிச்சேற்றில் கிடைத்த சைப்ரிஸ் சப்குளோபோசாவுக்கு 1840இல் இயற்கையியலாளர் சோவர்பி பெயரிட்டார். கடலில் வாழ்பவற்றின் கீல் படிப்படியாகச் செறிந்தது: முதலில் வரம்பும் பள்ளமும், பிறகு இரு நுனியிலும் பற்கள், அப்புறம் முன்பல்லுக்குப் பின்னே ஒரு குழி. குஞ்சு சட்டையுரிக்கும்போதெல்லாம் பழைய கீலும் ஓட்டோடு போகும். முழுக் கீல் வளர்ந்ததற்கே வாய்க்கும். ஆய்வாளர் இனம் பிரிப்பதும் அதையும் பார்த்துத்தான்.

பல் இருக்கிறதே, அது முளைதானே என்பீர்கள். அது ஓட்டிலேயே எழுந்தது. யாரும் அடித்துச் செருகியதன்று.

கீல் என்றால் மூட்டு. ஆணி பின்னால் வந்தது.