விளம்பரமும் விவேகமும்

வாணிகப் போட்டியின் வரலாற்றிலே கணினி விளம்பரங்களுக்குத் தனியிடம் உண்டு. 1981ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாள் கணினியை வெளியிட்டபோது, அப்பிள் நிறுவனம் முழுப்பக்கப் பத்திரிகை விளம்பரம் ஒன்றினால் அதனை வரவேற்றது. அவ்வரவேற்பிலே பணிவைக் காட்டிலும் தன்னம்பிக்கையே மிகுந்திருந்தது.

2006ஆம் ஆண்டிலோ எதிராளி மைக்ரோசொப்ட் ஆயிற்று. அது தொடக்கம் 2009 வரை அப்பிள் வெளியிட்ட தொலைக்காட்சி விளம்பரங்களில் இருவர் தோன்றினர். எளிய உடையணிந்த இளைஞர் மாக் கணினியின் உருவகம்; கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்தவர் விண்டோஸ் கணினியின் உருவகம். ஒரு விளம்பரத்திலே பின்னவர் வைரஸ் பற்றித் தும்மி விழுகின்றார். மாக் நலமே நிற்கின்றார். 2008இல் மைக்ரோசொப்டும் பலதரப்பட்ட மக்களை 'நான் பீசி' என்று பேசவைத்து விடையிறுத்தது.

கண்டோர் நகைத்தனர்; மாக்கிற்கு நோயே வாராதென நம்பினோரும் பலர். 2012இல் பிளாஷ்பாக் எனும் தீநிரல் 6 இலட்சத்துக்கு மேற்பட்ட மாக் கணினிகளிற் புகுந்ததாகக் கணிக்கப்பட்டது. அது நுழைந்த வழி ஜாவா மென்பொருளின் ஒரு குறை. ஓரக்கிள் நிறுவனம் பெப்ரவரியிலேயே அதற்குத் திருத்தம் வெளியிட்டிருந்தது. அப்பிள் தன் கணினிகளுக்கு அதனை வழங்கியது ஏப்ரலிலேதான்.

விண்டோஸ் வைரஸ் மாக்கைத் தொற்றாது என்பது மெய்யே. அப்பாதி மெய்யை முழுமெய்யாகக் கொண்டதே நம் பிழை. ஆதலின், எந்நிறுவனத்தின் கணினியாயினும், திருத்தங்களை உடனுக்குடன் ஏற்றுக்கொள்ளுங்கள். இன்றியமையாக் கோப்புகளுக்கு வேறோரிடத்திலே படியெடுத்து வையுங்கள். விளம்பரம் விற்பவருக்குத் துணை. விழிப்பே வாங்குபவருக்குத் துணை.