முகம் காட்டாத குரல்: மகாபாரத சீரியலில் கதை சொன்னது யார்?

1988 அக்டோபர் 2, ஞாயிற்றுக்கிழமை. தூர்தர்ஷனில் பி.ஆர். சோப்ராவின் 'மகாபாரத்' ஆரம்பித்த நாள். 1990 ஜூன் 24ல் முடியும்போது மொத்தம் 94 பகுதிகள். பீஷ்மராக முகேஷ் கன்னா, கிருஷ்ணராக நிதிஷ் பரத்வாஜ், திரௌபதியாக ரூபா கங்குலி, சகுனியாக கூஃபி பெயிண்டல் என்று ஆளாளுக்கு ஒரு முகம் மனதில் பதிந்துவிட்டது. முகமே இல்லாமல் பதிந்தது ஒன்றே ஒன்றுதான். விண்வெளி மாதிரி ஒரு இருட்டு, நடுவில் சுழலும் சக்கரம், பின்னாலிருந்து ஒரு கனத்த ஆண்குரல். தன்னைக் காலம் என்று சொல்லிக்கொண்டு கதையைத் தொடங்கிவைக்கும்.

அந்தக் குரல் யாருடையது, கதைக்குள் அதற்கு என்ன வேலை? இந்த இரண்டு கேள்விகளும் அன்றைக்கு மும்பைத் தமிழர் வீடுகளில் எத்தனை பாடு பட்டன என்பதைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

முதல் கேள்விக்குப் பதில் எளிது. குரல் ஹரீஷ் பீமானி என்ற மும்பைக்காரருடையது. கூஃபி பெயிண்டல் கூப்பிட்டனுப்பியதாகவும், எதற்கு என்று சொல்லாமலேயே மைக் முன்னால் நிற்கவைத்ததாகவும் பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். முதலில் பேசியது ஆவணப்படத்துக்குப் பேசுவது போல இருக்கிறது என்று மறுபடி கூப்பிட்டார்களாம். காலமே பேசுகிறது என்று விளக்கிய பிறகுதான் நாம் கேட்ட அந்த நிதானமான நடை பிடிபட்டிருக்கிறது.

இரண்டாவது கேள்விதான் சுவாரசியமானது. நான் அப்போது ஊரிலிருந்து வேலைக்கு வந்து செம்பூரில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பேயிங் கெஸ்ட்டாக இருந்தேன். ஞாயிறு காலை அந்த ஹாலில் மாடியில் இருப்பவர்கள், கீழ் வீட்டுக்காரர்கள், மாதுங்காவிலிருந்து வரும் உறவுக்காரர்கள் என்று இருபது பேராவது இருப்பார்கள். என்னோடு வேலை பார்த்த தாராவி அண்ணாச்சியும் சில வாரம் வருவார். சீரியல் முடிந்ததும் காபியோடு வழக்காடு மன்றம் ஆரம்பிக்கும்.

அங்கே இருந்த கட்சிகளைச் சொல்கிறேன்.

கட்சி 1: அது கிருஷ்ணன்தான். இது வீட்டு மாமாவின் கட்சி. கீதையில் பதினோராவது அத்தியாயம், முப்பத்திரண்டாவது சுலோகத்தில் கிருஷ்ணன் தன்னைக் காலம் என்றே சொல்லிக்கொள்கிறான். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்பார்.

கட்சி 2: வியாசர். கதையை எழுதியவர் சொல்லாமல் வேறு யார் சொல்வது? மாதுங்கா ஆஸ்திக சமாஜத்தில் உபன்யாசம் கேட்டுப் பழகிய பெரியவர்கள் இந்தப் பக்கம்.

கட்சி 3: பீஷ்மர். சந்தனு காலத்திலிருந்து போர் வரை எல்லாவற்றையும் பார்த்தவர் அவர் ஒருவர்தானே என்பது வாதம். அவர் அம்புப் படுக்கையில் சாய்ந்த பிறகும் குரல் பேசிக்கொண்டே இருந்ததால் இந்தக் கட்சி தோற்றது.

கட்சி 4: வீட்டுப் பாட்டி. கும்பகோணத்துக்காரர், இந்தி ஒரு வார்த்தை தெரியாது. இந்தியில் காலத்துக்கு 'ஸமய்'. பாட்டி காதில் அது 'சமயம்' என்று விழுந்தது. "நம்ம சமயமே வந்து பேசறதுடா" என்று கை கூப்பிவிட்டார். பேரன்கள் சிரித்தார்கள். பாட்டி மாற்றிக்கொள்ளவில்லை. தமிழில் சமயம் என்றால் வேளையும்தான், மதமும்தான். அவர் மேல் என்ன தப்பு?

அண்ணாச்சி மட்டும் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. "எங்க ஊர் வில்லுப்பாட்டுல கதை சொல்றவருக்குப் பக்கத்துல 'ஆமா' போட ஒரு ஆள் உண்டு. இங்க ஆமா போட ஆளே இல்லியே, அதான் எனக்கு ஒரு மாதிரியா இருக்கு" என்றார்.

அன்றைக்கு எல்லாரும் சிரித்தோம். பிறகு யோசித்துப் பார்த்தால், விஷயத்தின் மையத்தைத் தொட்டவர் அவர்தான்.

மூல பாரதத்தில் கதை சொல்பவர்களைப் பாருங்கள். வியாசர் வெளியே நிற்கும் ஆசிரியர் அல்ல. திருதராஷ்டிரனுக்கும் பாண்டுவுக்கும் விதுரனுக்கும் தகப்பன். அவருடைய சீடர் வைசம்பாயனர் ஜனமேஜயனின் சர்ப்ப யாகத்தில் கதையைச் சொல்கிறார். கேட்கிற ஜனமேஜயன் அர்ஜுனனின் கொள்ளுப்பேரன். போரை சஞ்சயன் சொல்கிறான்; கேட்கிற திருதராஷ்டிரன் தன் பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சாவதைக் காதால் கேட்கிறான். அங்கே கேட்டதை உக்கிரசிரவஸ் நைமிசாரண்யத்து முனிவர்களுக்குத் திரும்பச் சொல்கிறார். சொல்பவர் யார், கேட்பவர் யார், அவருக்கும் கதைக்கும் என்ன உறவு, எல்லாம் தெளிவாக இருக்கிறது.

நம் ஊர் வழக்கமும் அப்படித்தான். ஒன்பதாம் நூற்றாண்டில் பெருந்தேவனார் பாரத வெண்பா பாடினார், பிறகு வில்லிபுத்தூரார் பாரதம் வந்தது. வட தமிழ்நாட்டில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் பகலில் பிரசங்கியார் பாரதம் படித்துப் பொருள் சொல்வார், இரவில் கூத்து நடக்கும். கூத்தில் கட்டியக்காரன் துரியோதனனை அறிமுகப்படுத்திவிட்டு அவனையே கிண்டலும் செய்வான். கூட்டத்திலிருந்து ஒருவர் குறுக்கே பேசினால் பதில் சொல்லிவிட்டுத்தான் கதைக்குத் திரும்புவான். திருநெல்வேலிப் பக்கமிருந்து தாராவிக்கு வந்தவர்கள் வளர்ந்தது வில்லுப்பாட்டில்.

டிவியில் வந்த காலத்துக்கு யாரும் குறுக்கே பேச முடியாது. அதுதான் புதுசு.

தூர்தர்ஷனுக்குக் கதைசொல்லி புதிதல்ல. 1984ல் தொடங்கிய 'ஹம் லோக்'கில் ஒவ்வொரு பகுதி முடிவிலும் நடிகர் அசோக் குமார் தோன்றிப் பேசுவார். மகாபாரதம் ஆரம்பித்த அடுத்த மாதமே வந்த ஷியாம் பெனகலின் 'பாரத் ஏக் கோஜ்' தொடரில் நேருவாக ரோஷன் சேத் வந்து வரலாறு சொன்னார். இருவருக்கும் முகம் இருந்தது. காலத்துக்கு முகம் கொடுக்காமல் விட்டதில் தொழில் ரீதியான வசதிகளும் உண்டு. வாரம் ஒரு முறை வருகிற தொடர். போன வாரம் கரண்ட் போனவர்களுக்கு விட்ட இடத்தை நினைவுபடுத்த வேண்டும். நாலைந்து தலைமுறைகளைத் தாண்டிக் குதிக்க வேண்டும். சில இடங்களில் அன்றைய இந்தியாவைப் பார்த்து இரண்டு வார்த்தை சொல்லவும் வேண்டும். கதைக்குள் இருக்கிற எந்தப் பாத்திரமும் இந்த மூன்றையும் செய்ய முடியாது.

இந்த உத்தி, வசனம் எழுதிய ராஹி மாசூம் ரஸாவின் யோசனை என்றுதான் சொல்வார்கள். ரஸா உத்தரப்பிரதேசத்தின் காஜிப்பூர் மாவட்டத்து கங்கௌலி கிராமத்துக்காரர். அலிகரில் படித்தவர், 'ஆதா காவ்' நாவல் எழுதியவர், பிழைப்புக்காக 1960களின் கடைசியில் மும்பைக்கு வந்தவர். தயாரித்த சோப்ராவோ பிரிவினைக்கு முன் லாகூரில் சினிமாப் பத்திரிகையாளராக இருந்தவர். ஆக, எழுதியவரும் எடுத்தவரும் நம்மைப் போல இந்த ஊருக்கு வந்து சேர்ந்தவர்கள்தான்.

ஒரு முஸ்லிம் மகாபாரதம் எழுதுவதா என்று எதிர்ப்புக் கடிதங்கள் வந்ததும், அதன் பிறகு நானேதான் எழுதுவேன் என்று ரஸா உறுதியாக நின்றதும் பலரும் எழுதிய செய்தி. அதோடு சேர்த்துப் பார்த்தால் பாட்டியின் கட்சி எனக்கு வேறு மாதிரி அர்த்தப்படுகிறது. பாட்டி கேட்டது 'சமயம்', ரஸா எழுதியது 'ஸமய்'. காலத்துக்கு சாதி கிடையாது, மதம் கிடையாது, கௌரவர் பாண்டவர் என்ற பக்கமும் கிடையாது. ஜனமேஜயனுக்குச் சொன்னால் அது அவன் வம்சக் கதை. காலம் சொன்னால் கேட்கிற எல்லாருக்கும் அது சொந்தக் கதை. கங்கௌலிக்காரர் எழுதி, மும்பைக்காரர் பேசி, கும்பகோணத்துப் பாட்டி கை கூப்பிக் கேட்க முடிந்தது அதனால்தான்.

ரஸா 1992 மார்ச் 15 அன்று மும்பையில் காலமானார். அதே ஆண்டு டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலும் இந்த ஊர் எரிந்தது. தாராவியும் தப்பவில்லை. ஸ்ரீகிருஷ்ணா கமிஷன் கணக்கில் இறந்தவர்கள் 900 பேர். அந்த நாட்களில் அண்ணாச்சி குடும்பம் எங்கள் செம்பூர் வீட்டில் வந்து தங்கியிருந்தது. மூன்று வருஷத்துக்கு முன் ஒரே குரலை உட்கார்ந்து கேட்ட சந்துகள்தான் அவை. ஒரு சீரியல் ஊரைத் திருத்திவிடும் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் அப்படிக் கேட்ட காலம் ஒன்று இருந்தது என்பதையும் மறக்க முடியவில்லை.

எனக்கு இன்னொரு வருத்தமும் உண்டு. சீரியல் வந்த பிறகு அந்த வீட்டில் பாட்டி பாரதம் சொல்வது நின்றுபோனது. அதுவரை இரவில் சோற்றைப் பிசைந்து கையில் உருட்டிக் கொடுத்துக்கொண்டே சொல்வார். "ஏன் பாட்டி கர்ணன் அப்படிப் பண்ணான்?" என்று நடுவில் கேட்கலாம். டிவிக்குப் பிறகு பேரன்கள், "அப்படி இல்ல பாட்டி, டிவில வேற மாதிரி வந்தது" என்று திருத்த ஆரம்பித்தார்கள். பாட்டி மெல்ல ஒதுங்கிக்கொண்டார். மும்பையில் வளர்ந்த ஒரு தலைமுறைக்குப் பாரதம் இந்தியில்தான் தெரியும் என்றானது இப்படித்தான். அவர்களுக்குத் துச்சாதனன் கிடையாது, துஷாசன்தான்.

2013ல் ஸ்டார் பிளஸ் எடுத்த புதிய மகாபாரதம் விஜய் டிவியில் தமிழில் வந்தது. அதில் கிருஷ்ணனே நேராக நம்மைப் பார்த்துப் பேசுவான். வீட்டு மாமா அதைப் பார்த்திருந்தால், என் கட்சி ஜெயித்தது என்று காலரைத் தூக்கிவிட்டிருப்பார் :) 2020 ஊரடங்கில் டிடி பாரதியில் பழைய மகாபாரதமே மறுபடி வந்தபோது என் மகள் அதைப் பார்த்தாள். முதல் நாளே, "அப்பா, இது யார் பேசறது?" என்று கேட்டாள்.

கட்சிகள் நாலையும் சொன்னேன். பிறகு அண்ணாச்சி சொன்னதையும் சொன்னேன். அன்று இரவு டிவியை அணைத்துவிட்டு, பாட்டி சொன்ன கர்ணன் கதையை எனக்குத் தெரிந்த மட்டும் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். அவள் 'ஆமா' போடவில்லை, கேள்வியாகக் கேட்டுத் தள்ளினாள். அதுவும் நல்லதுதான்.

உங்கள் வீட்டில் பாரதம் சொன்னது யார்? பாட்டியா, பிரசங்கியாரா, டிவியா? அவர் சொன்ன விதத்தை உங்கள் பிள்ளைகளிடம் ஒரு முறை சொல்லிப் பாருங்கள். நடுவில் அவர்கள் குறுக்கே பேசினால் பேச விடுங்கள்.