பணியாளர் அசிரத்தையும் நிர்வாக உதாசீனமும்

உத்தியோகத்தை விட்டு விலகாமலே, உடலால் பணியிடத்தில் இருந்துகொண்டு, உள்ளத்தை மட்டும் வேலையிலிருந்து விலக்கிக்கொள்ளும் நிலை பணியாளர் அசிரத்தை எனப்படும். அமெரிக்க ஆராய்ச்சியாளர் வில்லியம் கான் 1990இல் வெளியிட்ட ஆய்வில், ஒருவர் தம் பணியில் மனம் ஒன்றுவதற்கு, அப்பணிக்கு அர்த்தம் இருத்தல், அஞ்சாமல் தம்மை வெளிப்படுத்தும் பாதுகாப்பு இருத்தல், அதற்குரிய உடல்வலிவும் மனத்தெம்பும் இருத்தல் என மூன்று நிபந்தனைகளை வகுத்தார்.

காரணம்: தொழிலாளியின் சோம்பலே இதற்கு மூலம் என்று சொல்லிவிடும் வழக்கம் நெடுநாளாக உண்டு. ஆயினும், மாதச் சம்பளத்தைக் கொடுத்ததோடு தன் கடமை தீர்ந்தது என்று கருதும் நிர்வாகம், வேலை செய்பவர் சொல்லும் குறைக்குச் செவிசாய்க்காமலும், அவர் திறமையை அங்கீகரிக்காமலும், அவர் வாழ்வைப் பாதிக்கும் முடிவுகளை அவரைக் கலவாமலும் எடுத்துவருமாயின், ‘சொல்லி என்ன பயன்?’ என்ற விரக்தி அவருள் தோன்றி, நாளடைவில் அசிரத்தையாக இறுகிவிடுகிறது.

உதாரணம்: கலிபோர்னியாவில் ஃபிரிமாண்ட் நகரிலிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் கார் ஆலையின் சரித்திரம் இதற்குப் பிரத்தியட்சச் சான்றாகும். நாள்தோறும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் வேலைக்கு வராமலும், தீர்வு காணாத புகார் மனுக்கள் குவிந்தும் சீர்கெட்டுப்போன அவ்வாலை 1982இல் மூடப்பட்டது. 1984இல் டொயோட்டாவின் நிர்வாகத்தில், அவ்விரு கார்க் கம்பெனிகளின் ‘நும்மி’ என்னும் கூட்டு ஸ்தாபனமாக அங்கேயே அது மீண்டும் இயங்கத் தொடங்கியபோது, வேலைக்கு அமர்த்தப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் பழைய தொழிலாளரே. தொழிற்சங்கமும் பழைய சங்கமே. முன்பு, பழுதுள்ள கார் கண்ணெதிரே நகர்ந்து சென்றாலும் உற்பத்தி வரிசையை நிறுத்தத் தொழிலாளிக்கு உரிமை இருந்ததில்லை. நும்மியிலோ வரிசையில் பழுது கண்டால் தலைக்கு மேலே ஓடிய கயிற்றை எவரும் இழுக்க முடிந்தது. இழுத்ததும் குழுத் தலைவர் விரைந்து வந்து உடனிருந்து உதவுவார். பழுது தீராவிடில் வரிசையே நின்றுவிடும். அதிகாரிகளும் தொழிலாளரும் ஒரே உணவுக்கூடத்தில் உண்டனர். பின்னர் விற்பனை மந்தமான காலத்தில் ஆட்குறைப்புச் செய்யாமல், அந்நேரத்தைப் பயிற்சிக்குப் பயன்படுத்தினர். வேலைக்கு வராதோர் தொகை மிகவும் குறைந்து, கார்களின் தரமும் வியக்கத்தக்க வகையில் உயர்ந்தது.

பரிகாரம்: இம்முறையைத் தன் பிற ஆலைகளில் பரப்ப ஜெனரல் மோட்டார்ஸ் நெடுங்காலம் இடர்ப்பட்டது. கயிற்றைக் கட்டுதல் எளிது. அதை இழுத்தவரைக் கடிந்துகொள்ளாமல் அவர் சொல்வதை மதித்துக் கேட்கும் மேற்பார்வையாளரை உருவாக்குதலே அரிது. ஆதலின் அசிரத்தைக்குப் பரிகாரம் தேடும் ஸ்தாபனம், தொழிலாளரைத் திருத்தப் புகுமுன் தன் அதிகாரிகளைப் பயிற்றத் தொடங்குவதே முறையாகும்.